ஓநாய் எழுந்தால் ஊருக்கு இருமல்

'செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்' விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். செத்தாலும் எழுந்து வருகிற ஆள் இவன். வாள் நெஞ்சில் இறங்கினாலும் எழுவான், நெருப்பில் கருகினாலும் எழுவான், ராட்சசக் குரங்கு தூக்கி அடித்தாலும் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுவான். அப்படிப்பட்டவனுக்கு வெட்டுப்பட்ட இடது கை மட்டும் ஏன் திரும்ப முளைக்கவில்லை?

விளையாடாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் முடிக்காதவர்கள் மன்னிக்கவும், கதை முழுசும் வெளியே வந்துவிடும். ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, ஹிதெதகா மியாசாகி இயக்கி, 2019 மார்ச் மாதம் வந்த விளையாட்டு இது. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் இதற்குத்தான். கதை நடப்பது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பானில் ஊருக்கு ஊர் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். அஷினா என்பது கற்பனை நாடு. குரோ என்ற சிறுவனின் இரத்தத்தில் டிராகன் கொடுத்த சாகா வரம் ஓடுகிறது. அவனைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் ஷினோபிதான் நம் கதாநாயகன். அவனுக்குச் சரியான பெயர்கூடக் கிடையாது, 'ஓநாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் செத்துக் கிடந்தபோது குரோ தன் வரத்தில் பங்கு கொடுத்து எழுப்பினான். கெனிச்சிரோ என்ற தளபதி அவன் கையை வெட்டியது அதற்குப் பிறகு. அதாவது கை போனபோதே அவன் சாகா வரம் பெற்றவன். ஆனாலும் கை வரவில்லை. பாழடைந்த கோயிலில் புத்தர் சிலை செதுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர் கொடுத்த மரக்கை, இரும்புக்கை, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மாட்டிக்கொண்டுதான் கடைசிவரை சண்டை போடுகிறான்.

'செயற்கைக் கை இல்லாவிட்டால் பாதி விளையாட்டே இல்லையே, அதனால்தான்' என்று ஒரு பதில் உண்டு. உண்மைதான். கயிறு வீசிக் கூரைக்குக் கூரை தாவுவது, பட்டாசு வெடித்துக் குதிரையை மிரட்டுவது எல்லாம் அந்தக் கையால்தான். ஆனால் அது விளையாட்டைச் செய்தவர்களின் வசதி. கதைக்குள்ளேயே இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். டிராகனின் இரத்தம் உயிரைத் திருப்பிக் கொடுக்கிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்த விளையாட்டில் சாகாதவர்கள் ஒரே மாதிரி இல்லை. குரோவைச் சாதாரண வாளால் காயப்படுத்தவே முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரத்தை ஒழித்துவிட வேண்டும் என்று அவனே முடிவெடுக்கும்போது, அதற்குத் தேவையான அவனுடைய இரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. சாகா உடம்பையும் வெட்டுகிற மோர்ட்டல் பிளேட் என்ற வாளைத் தேடி ஓநாய் மலை ஏற வேண்டியிருக்கிறது. தன் இரத்தத்தைத் தானே கொடுக்க முடியாத பிள்ளை! வரம் என்பதா, சிறை என்பதா?

இன்னொரு வகை, உடம்புக்குள் பூரான் புகுந்தவர்கள். நான் மேலே சொன்ன அந்தக் குரங்கு அந்த வகைதான். தலையை வெட்டி, அப்பாடா என்று மூச்சுவிடும்போது அது எழுந்து, தன் தலையைத் தானே கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வரும். முதல் தடவை பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கோயிலருகே ஹன்பெய் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே நிலை. எத்தனை தடவை வெட்டினாலும் சாகாததால் ஓநாய்க்குப் பயிற்சி கொடுக்கும் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவரிடம் போய்ப் போய் வெட்டிப் பழகுவோம், சிரிப்பாகக்கூட இருக்கும். கதை போகப் போகத்தான் தெரிகிறது, போதும் என்று நினைக்கிற ஒரு மனிதரை நாம் கத்தி தீட்டும் கல்லாக வைத்திருந்தோம் என்று.

ஓநாய் இந்த இரண்டிலும் சேராதவன். அவன் சாகிறான், வலிக்கிறது, பிறகு எழுகிறான். எழுவதற்கான உயிர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான கேள்வி. கை முளைக்காதது அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒரு கோடு போடுவதைத்தான். எந்தப் பொருளைப் பற்றிக் கணக்குப் போடுகிறாயோ அதைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போடு. உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று பார். கோட்டைச் சின்னதாகப் போட்டால் சில சமயம் விந்தை மாதிரி தெரியும். உதாரணத்துக்கு, குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டும் கோடு போட்டால் வெப்பம் எங்கேயோ மாயமாகிவிட்ட மாதிரி இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எங்கே போனது என்று. ஓநாயைச் சுற்றி மட்டும் கோடு போட்டால் அவன் சும்மா எழுகிறான். உயிர் ஒன்றுமில்லாததிலிருந்து வருகிறது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் பெரிதாக, ஊரைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். ஊரில் ஒவ்வொருவராக இருமத் தொடங்குகிறார்கள்.

அந்த இருமலுக்குப் பெயர் டிராகன்ராட். ஓநாய் திரும்பத் திரும்பச் செத்து எழும்போது அவனோடு பழகியவர்களுக்கு இந்த நோய் வருகிறது. அவன் எழுவதற்கான உயிர் அவர்களிடமிருந்துதான் இழுக்கப்படுகிறது. முகம் தெரியாத எதிரிக்கு வந்தால் பரவாயில்லை என்று விடலாம். வருவதோ, கை செய்து கொடுத்த கிழவருக்கு, மகனைத் தேடிப் புலம்பிக்கொண்டு கையில் இருந்த மணியைக் கொடுத்த அம்மாவுக்கு, பொருள் விற்க வந்தவருக்கு. பேச்சுக் கொடுத்தால் பாதியில் இருமல் வந்து நின்றுவிடுகிறது. யாரோடும் பழகாதவனாக இருந்திருந்தால் அவனால் யாருக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. பழகியதற்குக் கூலி இது.

இவர்கள் யாரும் அவனிடம் 'என் உயிரிலிருந்து எடுத்துக்கொள்' என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நம் யயாதி கதை ஞாபகம் வருகிறதா? சுக்கிராச்சாரியார் சாபத்தால் அகாலத்தில் கிழவனான யயாதி, மகன்களிடம் இளமையைக் கடன் கேட்டான். மற்றவர்கள் மறுத்தார்கள், கடைசி மகன் பூரு கொடுத்தான். ஆயிரம் வருடம் அனுபவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான் தகப்பன். சின்ன வயதில் இதைப் பூருவின் பிதுர்பக்தி என்றுதான் கேட்டோம். இப்போது எனக்கு யயாதியைத்தான் கேட்கத் தோன்றுகிறது. பிள்ளை கிழவனாக உட்கார்ந்திருந்த அந்த ஆயிரம் வருடத்தில் நீங்கள் எத்தனை தடவை அவனைப் போய்ப் பார்த்தீர்கள் என்று. ஆனாலும் யயாதி கேட்டுத்தான் வாங்கினான். மறுத்த மகன்களைச் சபித்தான், அது வேறு விஷயம். ஓநாய்க்கு அந்தக் கேட்கும் வாய்ப்புகூட இல்லை.

இந்த யோசனை செகிரோவோடு தொடங்கியதும் இல்லை. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' விளையாட்டில் பெயரில்லாத ஒருவன் செத்துச் செத்து எழுவான். ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பதிலாக வேறு எங்கோ ஒருவர் சாகிறார், அவர்கள் நிழல்களாக வந்து அவனையே துரத்துகிறார்கள். ஃபிரம்சாஃப்ட்வேரின் 2011ஆம் ஆண்டு 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் விலை வேறு மாதிரி. அங்கே எழுகிறவனே தன்னை இழந்து கடைசியில் வெறும் கூடாகிறான். அதாவது கோட்டுக்கு உள்ளேயே கணக்கு முடிந்துவிடுகிறது. எனக்கு டார்க் சோல்ஸ் நிறையவே பிடிக்கும். ஆனால் நியாய அநியாயம் என்று வந்தால், தன்னையே தின்று எழுகிறவனைவிட அடுத்தவரைத் தின்று எழுகிறவன் கதைதான் நம்மை அதிகம் குத்துகிறது.

உடம்பு விஷயத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். ஆக்ஸலாட்டல் என்ற ஒருவகை சாலமாண்டருக்குக் கால் போனால் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர்த்து முழுக் கால் திரும்ப முளைக்கும். அதுவும் தான் தின்ற உணவிலிருந்து, தன் உடம்பின் செலவில். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வெட்டினால் அதற்கும் சரியாக வளர்வது குறைந்துவிடுகிறது. மனிதனுக்கு இந்த வித்தையில் பெரிதாக மிஞ்சியிருப்பது கல்லீரல்தான். பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது பெருத்துப் பழைய எடையை ஏறக்குறைய எட்டிவிடும். ஆனால் கவனியுங்கள், வெட்டி எடுத்த மடல் திரும்ப முளைக்காது. இருக்கிற மடல்தான் பெரிதாகிறது. வேலை திரும்புகிறது, பழைய வடிவம் திரும்புவதில்லை. ஓநாயின் கை மாதிரிதான்.

அதே கல்லீரலை வருடக்கணக்கில் குடியால் அடித்துக்கொண்டே இருந்தால்? அப்போதும் அது வளரப் பார்க்கும். ஆனால் காயம் ஆறிய தழும்பு வலை மாதிரி சுற்றிக்கொள்ள, நடுவில் புதிய செல்கள் உருண்டை உருண்டையாக வளரும். சிரோசிஸ் என்பது இதுதான். பார்த்தால் வளர்ந்திருக்கும், இரத்தம் ஒழுங்காகப் போகாது. எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான எல்லை கிடையாது. சின்னச் சின்ன அடியும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். நம் உடம்பை நாம் எஃகு என்று நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் தாமானில் ஒரு மாமா இருந்தார். லாரி ஓட்டினார், நல்ல மனுஷன், குடிப்பார். மூன்று தடவை மருத்துவமனையில் இனிப் பிழைக்க மாட்டார் என்ற நிலைக்குப் போய்த் திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் காப்பிக்கடையில் 'மாமாவுக்கு சாவே கிடையாது லா' என்று தோளில் தட்டுவார்கள். அவரும் சிரிப்பார். அந்த மூன்று தடவையில் அத்தையின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய் முழுகிவிட்டது. அத்தை தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டோடு ஓவர்டைமும் எடுத்தார். நன்றாகப் படித்த மூத்த மகள் எஸ்.பி.எம். முடித்த கையோடு பேரங்காடியில் காசாளர் வேலைக்குப் போனாள். மாமா எழுந்தார் என்பதை ஊரே பார்த்தது. அவர் எழுவதற்கு யாரிடமிருந்து எடுத்தார் என்பது அந்த வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் தெரிந்த விஷயம். நான்காவது தடவை அவர் எழவில்லை. சாவு வீட்டில்கூட 'மூணு தடவை ஜெயிச்ச மனுஷன்' என்றுதான் பேசிக்கொண்டார்கள். கோட்டை அவரைச் சுற்றி மட்டும் போட்டிருந்தார்கள்.

இதைச் சொன்னால் ஒரு நண்பன் கேட்டான், 'அப்ப விழுந்தவன் எழவே கூடாதா?' நியாயமான கேள்வி. செகிரோவிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அதிகமாகச் சாகிறவன் யார்? கைத்திறன் குறைந்த ஆட்டக்காரன். பட்டனைச் சரியான நேரத்தில் அமுக்கத் தெரிந்தவனுடைய ஊரில் எல்லாரும் ஆரோக்கியமாக இருப்பார்கள். தடுமாறுகிறவனுடைய ஊரில் எல்லாரும் இருமுவார்கள். இது போதாதென்று தண்டனை வேறு. செத்தால் கையில் இருக்கும் காசிலும், அடுத்த திறன் புள்ளிக்காகச் சேர்த்திருக்கும் அனுபவத்திலும் பாதி போகும். 'காணாத உதவி' என்று ஒன்று 30 விழுக்காடு வாய்ப்பில் அந்த இழப்பிலிருந்து காப்பாற்றும். ஊரில் நோயாளிகள் கூடக் கூட அந்த விழுக்காடும் இறங்கும். சுற்றி இருப்பவர்களின் தெம்புதான் அந்த உதவி என்று புரிந்துகொள்ளலாம். நோயாளியாக்கிவிட்டு உதவியும் எதிர்பார்த்தால் எப்படி?

திறமைக் குறைவு பாவமா என்றால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். விழுகிறவனை இந்த விளையாட்டு திட்டவும் இல்லை. அது செய்வது வேறு ஒன்று. முதல் நோயாளி வந்தவுடன் எம்மா என்ற மருத்துவப் பெண் ஓநாயிடம், நோய் கண்டவரின் இரத்தத்தில் கொஞ்சம் வாங்கி வரச் சொல்கிறாள். அந்த ஆளிடம் நேரில் போய் நிற்க வேண்டும். தன்னால் இருமுகிறவர் முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்து வழி தெரிகிறது. விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று இது. சண்டையே கிடையாது.

ஆனால் இந்த இடத்தில் மியாசாகி குழுவினர் கொஞ்சம் பயந்துவிட்டார்கள் என்றும் தோன்றுகிறது. டிராகன்ராட் வந்தவர் யாரும் அந்த நோயால் சாவதில்லை. அவர்களோடு தொடர்புள்ள கிளைக்கதைகள் நின்றுபோகும், அவ்வளவுதான். டிராகனின் இரத்தத்துளி என்ற மருந்தைப் பயன்படுத்தினால் எல்லாரும் ஒரே நேரத்தில் குணமாகிவிடுவார்கள். அந்தத் துளிகள் எண்ணிச் சொல்லக்கூடிய அளவே கிடைக்கும் என்பது உண்மை. இருந்தாலும், 'கடைசி வரைக்கும் துளியைச் சேர்த்து வை, தேவைப்படும்போது மொத்தமாகக் குணமாக்கிக்கொள்ளலாம்' என்று விளையாடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு கிழவர் வாரக்கணக்கில் இருமட்டும், நமக்கு வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதானே அதன் அர்த்தம்? ஒருவராவது உண்மையில் செத்திருந்தால் அந்த யோசனையை யாரும் இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல மாட்டோம்.

கெனிச்சிரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை வெட்டியவன் என்பதால் அவனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாது. அஷினா அழியப் போகிறது, எதிரிப்படை எல்லையில் நிற்கிறது. சாகாத வீரர்கள் கிடைத்தால் ஊரைக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறான். தனக்காகக் கேட்கவில்லை, ஊருக்காகக் கேட்கிறான். இதனால்தான் குரோ மறுப்பது கனமாகிறது. ஊரைக் காக்க எழுகிற வீரன் எழும்போதெல்லாம் அதே ஊரிலிருந்துதான் உயிர் எடுப்பான் என்றால், கடைசியில் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கும்? சென்போ மலையில் இருக்கும் துறவிகளோ நியாயம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. சாகா வரம் தேடிக் குழந்தைகளை வைத்துப் பரிசோதனை செய்தார்கள், ஒரே ஒரு பெண் பிள்ளைதான் மிஞ்சினாள்.

அந்தப் பிள்ளை ஒரு விதத்தில் ஓநாய்க்கு நேர் எதிர். அவளும் சாகாதவள். ஆனால் அவள் கையிலிருந்து அரிசி வரும், தின்றால் காயம் ஆறும். கேட்கும்போதெல்லாம் கொடுப்பாள். நாமும் இலவசம்தானே என்று போய்ப் போய்க் கேட்போம். சில தடவைக்குப் பிறகு அவளுக்கு உடம்பு முடியாமல் போகிறது. பெர்சிமன் பழம், நம்மூர்க் கடைகளில் பிசாங் காக்கி என்று விற்பது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தேறுகிறாள். பிறகு குரோவுக்கென்று கொஞ்சம் அரிசி கொடுத்தனுப்புகிறாள், குரோ அதை உருண்டை பிடித்து ஓநாய்க்கே கொடுக்கிறான். ஒரு பழம், ஒரு கைப்பிடி அரிசி, ஓர் உருண்டை, மூன்று பேரையும் சுற்றி வருகிறது. இதிலும் ஓர் ஆளுடைய தெம்பு இன்னொருவருக்குப் போகத்தான் செய்கிறது. ஆனால் இங்கே கொடுக்கிறவருக்குத் தெரிந்து போகிறது, வாங்குகிறவன் திரும்பி வந்து எப்படி இருக்கிறாய் என்று பார்க்கிறான்.

உயிருடன் இருக்கும் ஒருவர் தன் கல்லீரலில் பகுதி கொடுத்து இன்னொருவரைப் பிழைக்க வைக்கும் அறுவை சிகிச்சையும் இந்த வகைதான். கொடுத்தவருக்கும் வளர்கிறது, வாங்கியவருக்கும் வளர்கிறது. கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் முன்கூட்டியே உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையையும் கொடுத்து, பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். அத்தையையும் அந்த மகளையும் யாரும் அப்படி உட்கார வைத்துக் கேட்கவில்லை.

கடைசியில் குரோவின் முடிவு ஒன்றுதான், இந்த வரம் தன்னோடு முடிய வேண்டும். அதை எப்படி முடிப்பது என்பதை விளையாடுகிறவரிடம் விட்டிருக்கிறார்கள். அவன் பேச்சைத் தட்டிக் கொலைவெறியனாக மாறும் முடிவு ஒன்று உண்டு, அதை விடுங்கள். மற்ற மூன்றில் ஒன்றில், அவன் சொன்னபடியே செய்தால், குரோ இறக்கிறான். ஓநாய் கிழவர் இருந்த கோயிலில் உட்கார்ந்து சிலை செதுக்கத் தொடங்குகிறான். இன்னொன்றில் ஓநாய் தன் உயிரைக் கொடுத்து குரோவைச் சாதாரண மனிதனாக வாழ விடுகிறான். மூன்றாவதில் அந்த அரிசிப் பிள்ளை குரோவைத் தனக்குள் ஏந்திக்கொள்கிறாள், வரத்தை அது வந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க மேற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள், ஓநாய் கூடவே நடக்கிறான்.

எங்கள் விடுதியில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது முடிவுதான் பிடிக்கும். சின்னப் பையன் பிழைக்கிறான், பெரியவன் கடனை அடைத்துவிட்டுப் போகிறான், கணக்கு நேர் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குரோ அதைக் கேட்கவே இல்லை. யாரையும் கேட்காமல் எடுத்தது தப்பு என்றால், கேட்காமல் கொடுத்துவிட்டுப் போவதையும் நான் கொஞ்சம் தயங்கித்தான் பார்ப்பேன். தனக்காகச் செத்தவனை நினைத்துக்கொண்டு அந்தப் பையன் எத்தனை வருடம் வாழ வேண்டும்? மூன்றாவது முடிவில் மூன்று பேரும் பேசி ஒத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். போய்ச் சேர்ந்தார்களா என்று விளையாட்டு சொல்லவில்லை. எல்லா முடிவுகளிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். யார் என்ன கேட்டார்கள் என்று திரும்பிப் போய், இருமிக்கொண்டிருக்கிறவர்களிடமும் சோர்ந்து கிடக்கிறவளிடமும் பேச வேண்டியிருக்கிறது, பழம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதைத்தான் முதலில் ஆடிப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.